யூ0121 வந்ததும் ஏபிஎஸ் மாட்யூலை மாற்றிவிடாதீர்கள்

காரின் கோளாறு கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் யூ0121 (U0121) என்ற கோடு வந்தால், ஏபிஎஸ் மாட்யூலுடன், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் சிறு கணினியுடன், தொடர்பு இல்லை என்று அர்த்தம். உடனே மாட்யூல் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதுசு வாங்கிப் போடுகிறார்கள், பணம் போனதுதான் மிச்சம், கோடு அப்படியே இருக்கிறது. வரவேண்டிய தகவல் வரவில்லை என்று வேறொரு மாட்யூல் புகார் சொல்கிறது, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது.

இன்ஜின், பிரேக், ஏர்பேக் மாட்யூல்கள் பேசிக்கொள்வது கேன் பஸ் என்ற இரண்டு முறுக்கிய வயர்களில். பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை இது. யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். பேசும்போது கேன் ஹை 3.5-க்கு ஏறும், கேன் லோ 1.5-க்கு இறங்கும். இந்த வித்தியாசத்தைத்தான் மாட்யூல்கள் படிக்கின்றன.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் பேட்டரி. ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் மாட்யூல்கள் ஒரு கணம் அணைந்து, யூ-வில் தொடங்கும் இந்தத் தொடர்புக் கோடுகள் வரிசையாகப் பதிவாகிவிடும். சார்ஜ் போட்டு, கோடுகளை அழித்துவிட்டு, எது திரும்ப வருகிறது என்று பாருங்கள்.

அப்புறம் யார் யாரைக் காணோம் என்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் ஒரே மாட்யூலைச் சொன்னால் அதன் ஃபியூஸ், பவர், எர்த் மூன்றையும் சோதிக்க வேண்டும், அதுவும் லோடு கொடுத்து, அதாவது கரண்ட் ஓடவிட்டு. வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும், ஆனால் அதே இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கொடுத்தால் மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது.

ஸ்கேனருக்கு யாருமே பதில் சொல்லவில்லையென்றால் பஸ் மீதே சந்தேகம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். பஸ்ஸின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஷார்ட், மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள், எதைக் கழற்றும்போது அளவு ஏறுகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. கேட்வே (சாக்கெட்டுக்கும் உள் பஸ்ஸுக்கும் நடுவே நிற்கும் மாட்யூல்) உள்ள பல கார்களில் சாக்கெட்டிலிருந்து உள் பஸ் தெரியாது, அங்கே வயரிங் டயகிராம் இல்லாமல் இறங்காதீர்கள்.

பவர், எர்த், இரண்டு கேன் வயர், கனெக்டர் பின்கள் எல்லாம் சரியாக இருந்தும் அது பேசவில்லையென்றால் மட்டும் மாட்யூலை மாற்றுங்கள். பல கார்களில் புதிய மாட்யூலுக்கு அந்த வண்டிக்கேற்ற கோடிங்கும் செய்தாக வேண்டும்.