பாதிச் சுருக்குப்பை

ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எங்கள் பொமரேனியன் குட்டிக்கு இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் மூடாமல் இருக்கிறது, பரம்பரைக் குறை என்று டாக்டர் சொல்கிறார். தாயையும் தகப்பனையும் பார்த்துத்தான் வாங்கினோம். இரண்டும் நன்றாக ஓடியாடுகின்றன. அப்புறம் எப்படிப் பரம்பரை?"

நியாயமான கேள்வி. வயிற்றுக்குள் இருக்கும் குட்டி மூச்சு விடுவதில்லை. நுரையீரலுக்கு அதிக ரத்தம் தேவையில்லை. அதனால் நுரையீரல் தமனியிலிருந்து நேராகப் பெருந்தமனிக்குப் போக ஒரு குறுக்குவழி உண்டு. டக்டஸ் என்பார்கள். பிறந்தபின் அது மூடாவிட்டால், பெருந்தமனியில் அழுத்தம் கூடுதல் என்பதால் ரத்தம் எதிர்ப்பக்கமாக நுரையீரலுக்குள் பாய்கிறது. அங்கிருந்து இதயத்தின் இடப்பக்கத்துக்கே திரும்புகிறது. ஒரே ரத்தத்தை மறுபடி மறுபடி இறைத்து அந்தப் பக்கம் பெருத்து, களைத்துவிடும். குட்டியின் இடது அக்குளில் விரல்களை வைத்துப் பாருங்கள். பூனை கர்ர்ரென்று உறுமும்போது அதன் முதுகில் உணர்வோமே, அந்த மாதிரி அதிர்வு பல குட்டிகளிடம் இடைவிடாமல் கைக்குத் தெரியும்.

சரி, டக்டஸ் எப்படி மூடுகிறது? இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதன் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. முதல் மூச்சில் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது. அதை உணர்ந்த தசைச் செல்கள் பொட்டாசியம் வெளியேறும் வழிகளை அடைக்கின்றன, கால்சியம் உள்ளே வருகிறது, தசை இறுகுகிறது. அதுவரை குழாயைத் திறந்து வைத்திருந்த புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் நஞ்சுக்கொடியோடு போய்விடுகிறது. பாட்டியின் சுருக்குப்பையில் கயிற்றை இழுத்தது போல வாய் மூடிக்கொள்கிறது.

அந்தக் கயிறு வாயைச் சுற்றிப் பாதி தூரம்தான் கோத்திருக்கிறது என்றால்? எவ்வளவு இழுத்தாலும் மீதிப் பாதி திறந்தே கிடக்கும். இந்தக் குட்டிகளுக்கு நடப்பது இதுதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பேட்டர்சன் குழுவினர் பூடில் நாய்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து இந்தக் குறை பரம்பரையாக வருவதை 1971இல் வெளியிட்டார்கள். பிறகு டக்டஸை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தசை இருக்க வேண்டிய இடத்தில் பெருந்தமனியின் சுவர் போன்ற, சுருங்கத் தெரியாத மீள்நார்கள் இருந்தன. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் மருந்து கொடுத்து இக்குழாயை மூட முடிகிறது. நாய்க்குட்டிகளிடம் அது பலிக்காததற்குக் காரணம் இதுவே. சுருங்க வேண்டிய தசையே அங்கே இல்லை.

இனி வாசகியின் கேள்வி. இது ஒரே மரபணுவின் வேலை அல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து எவ்வளவு தசை என்பதைத் தீர்மானிக்கின்றன. கொஞ்சம் குறைந்தால் குழாய் நுரையீரல் பக்கம் மூடிவிடும், பெருந்தமனிப் பக்கம் மட்டும் ஒரு சிறு புனல் மிச்சமிருக்கும். அந்த நாய்க்கு ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்புச் சத்தம் கிடையாது, நோயும் கிடையாது. ஓடியாடும், குட்டி போடும். அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் இருவரின் குறையும் ஒரு குட்டியிடம் கூடிவிடலாம். பெண் குட்டிகளிடமே இது அதிகம்.

தாய் கிரகணத்தில் வெளியே வந்தது, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றெல்லாம் பேசுபவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான். அந்தப் பேச்சில் கழியும் வாரங்கள் குட்டிக்கு விலை மிக்கவை. ஒரு நாய் வம்சத்தை இத்தனை ஆண்டு பின்தொடரும் பொறுமையான ஆய்வுகளுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

உங்கள் குட்டிக்கு வழி இருக்கிறது. மார்பைத் திறந்து குழாயைக் கட்டலாம், அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாகச் சிறு அடைப்பான் வைக்கலாம். இதயம் களைக்கும் முன் செய்தால் பெரும்பாலும் மற்ற நாய்களைப் போலவே வாழும். குட்டி போட மட்டும் விடாதீர்கள். விற்றவருக்கும் சொல்லிவிடுங்கள்: அந்த ஜோடியை மறுபடி சேர்க்க வேண்டாம், கூடப் பிறந்த குட்டிகளுக்கும் ஒருமுறை ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கட்டும்.