டர்னர் குறைபாடுள்ள சிறுமிகளுக்குச் சான்றிதழ் இல்லாமலே காது சிகிச்சை

பெண்களுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுவதுமாகவோ பகுதியாகவோ இல்லாதிருப்பதே டர்னர் குறைபாடு. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. மகள் உயரமாக வளரவில்லையே என்று கவலைப்படும் பெற்றோர், அவள் காதில் அடிக்கடி வடியும் சீழைச் சளி என்று விட்டுவிடுவதுண்டு. இச்சிறுமிகளுக்கு நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் சரிவர இயங்காததால் நடுக்காது அழற்சி திரும்பத் திரும்ப வரும். கவனிக்காமல் விட்டால் செவிப்பறை துளைபடும், சிலருக்கு எலும்பை அரிக்கும் கொலஸ்டியட்டோமா எனும் தோல் வளர்ச்சியும் நடுக்காதில் உண்டாகும். உட்காது சார்ந்த கேட்புக் குறையோ வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வளரும்.

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் சிறார் நலத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. அதன் நோய்நிலைப் பட்டியலில் டர்னர் என்ற பெயர் இல்லாவிட்டாலும் பிறவிக் காது கேளாமை, கேட்புக் குறை, நடுக்காது அழற்சி ஆகிய மூன்றும் உள்ளன. இத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஒருமுறையும் வரும். அக்குழுவிடம் குரோமோசோம் பரிசோதனை அறிக்கையைக் காட்டி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். மேல்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். அதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் தேவையில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதுகளிலும் 60 டெசிபலாவது இழப்பு இருந்தால்தான் அது கேட்புத்திறன் குறைபாடாகக் கருதப்படும். அந்த அளவு 500, 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸ் எனும் நான்கு ஒலி அதிர்வெண்களில் அளந்த இழப்புகளின் சராசரி. டர்னர் சிறுமிகளுக்குப் பெரும்பாலும் 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில்தான் கேட்புத்திறன் குழிபோலக் குறைகிறது. மற்ற எண்களோடு சேர்த்துக் கூட்டி வகுத்தால் அது மறைந்துவிடும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்காமல், பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதும் சிறுமிக்குச் சராசரி 35 டெசிபல் என்று வந்தால் சான்றிதழ் கிடைக்காது. 40 சதவீதச் சான்றிதழைக் கேட்கும் மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் காது கேட்கும் கருவியும் கிடைக்காது. வகுப்பில் அவள் இழப்பதை இந்தச் சராசரி அளப்பதில்லை. இவ்விதி திருத்தப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

ஆகவே, பரிசோதனையின்போது 1,500 ஹெர்ட்ஸையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியும் வேண்டும். கேட்புப் பரிசோதனையின் வரைபடமான ஆடியோகிராம் ஒவ்வொன்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். 18 வயது நிறைவதற்குள் ஒரு முழுப் பரிசோதனையைச் செய்து, தேவைப்படும் காது அறுவை சிகிச்சையையும் இத்திட்டத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் இழப்பு 60 டெசிபலைத் தாண்டினால், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பழைய தாள்களையும் உடன் கொண்டு செல்லலாம்.