‘தவளை மாதிரி’ தவளை ஆகுமா? ஸ்பெசிமன் என்ற சொல்லுக்குத் தமிழ்

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: ‘பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உள்ள பழைய தவளை மாதிரிகளிலிருந்து தோல் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தனர்.’ இதைப் படிக்கிற பள்ளிப் பிள்ளை என்ன நினைக்கும்? பிளாஸ்டிக்கிலோ மண்ணிலோ தவளை பொம்மை செய்து வைத்திருக்கிறார்கள், அதற்குத் தோல் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கும். ஆங்கிலத்தில் ஸ்பெசிமன் என்று வருகிற இடத்தில் போடுகிற இந்த ‘மாதிரி’யை எத்தனையோ கட்டுரைகளில் பார்த்துப் பொறுத்துவிட்டேன். இனி முடியாது.

சொல்லின் கதை சின்னதுதான். ஸ்பெசிமன் என்பது லத்தீன். ‘பார்’ என்று பொருள்படும் ஸ்பெகெரே என்ற வினையிலிருந்து வந்தது; இன்ஸ்பெக்டரும் ஸ்பெக்ட்ரமும் அதே வேரில் பிறந்தவைதான். லத்தீனில் அதற்கு ஒன்றை அறிய உதவும் அடையாளம், சான்று என்று பொருள். பிற்பாடுதான் ‘ஓர் இனத்துக்கு எடுத்துக்காட்டாக எடுத்துவைத்த ஒன்று’ என்ற பொருள் படிந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கடைசிப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு மாதிரி என்று போட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவின் பெர்க்லியில் இருப்பது என்ன என்று பார்த்தால் கோளாறு தெரியும். அங்கே முதுகெலும்பு விலங்கியல் அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. ஆனி அலெக்சாண்டர் என்ற பெண்மணியின் பணத்தாலும் முனைப்பாலும் 1908-ல் தொடங்கியது. ஜோசப் கிரின்னல் அதன் முதல் இயக்குநர். நீர்நில வாழ்வனவும் ஊர்வனவும் மட்டுமே 2 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. (பெயரில் காட்சி இருந்தாலும், பொதுமக்கள் போய்ப் பார்க்கிற காட்சிக்கூடம் அது அல்ல, ஆய்வுக்கான சேகரிப்பு. ‘அருங்காட்சியகம்’ என்ற சொல் இங்கே பொருந்தவில்லை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) தவளையைப் பிடித்ததும் அழுகாமல் இருக்க ஃபார்மலின் என்ற கரைசலில் ஊறவைத்து உடலை இறுக்கி, பிறகு 70 சதவீதச் சாராயத்தில் ஜாடிக்குள் வைக்கிறார்கள். காலில் நூலால் ஒரு சிறு சீட்டு கட்டியிருக்கும், அதில் எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் போனால் எந்த ஊர், எந்த நாள், யார் பிடித்தது என்று எல்லாம் பதிவேட்டில் கிடைக்கும். நாளடைவில் நிறம் வெளுத்துப்போகும், ஆனாலும் அது தவளைதான். தவளை மாதிரி இருக்கும் வேறு எதுவும் அல்ல!

அந்தக் கட்டுரை சொல்ல வந்த ஆய்வு 2011-ல் வெளியானது. மெக்சிகோ, குவாத்தமாலா, கோஸ்டாரிகா நாடுகளில் பல்லாண்டுகளுக்கு முன் பிடித்து வைத்த தவளைகளையும், பல்லி போல உடலுள்ள சாலமாண்டர்களையும் எடுத்து, பஞ்சுக் குச்சியால் தோலைத் துடைத்து, தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையின் மரபணுத் தடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது! மெக்சிகோவில் 1970-களின் தொடக்கத்திலேயே, கோஸ்டாரிகாவின் மான்டிவெர்டேயில் 1987-ல். அங்கிருந்த பொன் தேரை 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் வைத்ததே 1999-ல்தான். அப்படி ஒரு பூஞ்சை இருப்பதே தெரியாத காலத்தில் ஜாடிக்குள் போன உடல்கள் பல பத்தாண்டுகள் கழித்து சாட்சி சொல்லியிருக்கின்றன. சாட்சி சொன்னதைப் போய் ‘மாதிரி’ என்று எழுதலாமா?

சிக்கல் எங்கே என்றால், மாதிரி என்ற ஒரே சொல்லின் தலையில் நாலு வேலையைக் கட்டிவிட்டோம். இரத்தத்தில் கொஞ்சம் எடுத்தால் அது இரத்த மாதிரி. வீடு கட்டுமுன் அட்டையில் செய்து பார்த்தால் மாதிரி வீடு. ‘பாம்பு மாதிரி சீறினான்’ என்று பேச்சில் ஒரு மாதிரி. இதற்கு மேல் நாலாவதாக ஜாடித் தவளையும் வேண்டுமா? ‘பாம்பு மாதிரிகள்’ என்று எழுதுகிறவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

சரி, ‘மாதிரி உயிரி’ என்று எழுதினால் போச்சு என்று ஒரு நண்பர் வாதாடினார். அது இன்னும் மோசம். மாதிரி உயிரி என்றால் சோதனைச்சாலையில் வளர்த்து, அதைக்கொண்டு மற்ற உயிர்களைப் புரிந்துகொள்ளும் இனம். பழ ஈ, ஆப்பிரிக்க நகத்தவளை போன்றவை. அவை உயிரோடு இருப்பவை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் உயிருள்ளதும் இறந்ததும் கலந்துவிடும். ‘பாடம் செய்த உடல்’ என்பது நல்ல தமிழ், எனக்கும் பிடிக்கும். ஆனால் பாடம் செய்வது என்றதும் தோலை உரித்து உள்ளே அடைப்பதுதான் நினைவுக்கு வரும். கன்று செத்தால் பசு முன் நிறுத்தும் வைக்கோல் கன்று அந்த வகை. ஜாடித் தவளையை யாரும் உரிப்பதில்லை, குடல், ஈரல் எல்லாம் உள்ளேயே இருக்கும். அதை வெட்டி, கடைசியாக என்ன தின்றது என்றுகூடப் பார்க்கலாம்.

என் பரிந்துரை ‘சான்றுடல்’. லத்தீன் மூலத்தின் பொருளும் இதுதான், அந்தத் தவளை செய்கிற வேலையும் இதுதான். பழந்தமிழில் சாட்சிக்குக் ‘கரி’ என்றொரு சொல் உண்டு, ஆனால் இன்று கரி என்றால் அடுப்புதான் நினைவுக்கு வரும் என்பதால் அதை விட்டுவிட்டேன். இப்போது வாக்கியத்தைப் பாருங்கள்: ‘பழைய தவளைச் சான்றுடல்களின் தோலிலிருந்து மாதிரி எடுத்தார்கள்.’ மாதிரி தன் இடத்துக்குப் போய்விட்டது, குழப்பமும் போய்விட்டது.

இதே வழியில், டைப் ஸ்பெசிமன் என்பதற்குப் போடுகிற ‘வகை மாதிரி’யையும் மாற்ற வேண்டும். புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஓர் உடலைக் குறித்து, இந்தப் பெயர் இதற்குத்தான் என்று பதிகிறார்கள். அது அந்த இனத்தின் சராசரி உருவமாக இருக்க வேண்டியதில்லை. குட்டையாக இருக்கலாம், வால் அறுந்திருக்கலாம். பெயரைத் தாங்குவது மட்டுமே அதன் வேலை. வகை மாதிரி என்றால் ‘இந்த இனமே இப்படித்தான் இருக்கும்’ என்று தொனிக்கிறது, அது தப்பு. ‘பெயர்ச்சான்று’ என்றால் தீர்ந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் ஸ்பெசிமன், ஸ்பாட்டர் (தேர்வில் பார்த்து அடையாளம் சொல்ல வைக்கும் பொருள்) என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள், கேட்கிறவருக்கும் ஜாடி தெரிகிறது. எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஆங்கில வாக்கியத்தை மட்டும் பார்த்து, பொருளைப் பார்க்காமல் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டுகிற பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சான்றுடலிலும் ஒரு இடைஞ்சல் உண்டு. ஒரே ஜாடியில், ஒரே எண்ணின்கீழ், ஒரு குட்டையில் அள்ளிய தலைப்பிரட்டைகள் மொத்தமாகக் கிடக்கும்; அதை ஓர் உடல் என்று சொல்ல வராது. கட்டுரையில் அப்படி ஓர் இடம் வந்தது. ‘சான்றுக்கொத்து’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.