ஒன்றுமே செய்யவில்லையே, இது நல்ல மாத்திரைதானா?

மருந்து வாங்கும் ஜன்னலுக்கு வெளியே நின்ற அந்த அம்மா, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இரண்டு சுற்று முடிந்துவிட்டது. முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை, சாப்பாடும் இறங்குகிறது. ஒன்றுமே செய்யவில்லையே, இது நல்ல மாத்திரைதானா?"

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கேப்சிடபின் மாத்திரை சாப்பிட்டு வருபவர். அவர் தெருவில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகச் 'சிவப்பு மருந்து' ஏற்றியதில் தலைமுடி மொத்தமும் உதிர்ந்துவிட்டதாம். கீமோ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தவருக்கு, தனக்கு எதுவும் ஆகாததே பயமாகிவிட்டது. மகனோ போலி மருந்தாக இருக்குமோ என்று அட்டையைப் படம் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்.

நான் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநர். பக்கவிளைவு வந்துவிட்டதே என்று கலங்குபவர்களைப் போலவே, வரவில்லையே என்று கலங்குபவர்களையும் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டாவது வகையினரின் பயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'உங்களுக்கு அதிர்ஷ்டம்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது போதாது.

சிவப்பு மருந்து எனப்படும் டாக்ஸோரூபிசின் முடியின் வேர்களைக் கடுமையாகத் தாக்கும். கேப்சிடபினில் முடி முழுவதும் உதிர்வது அரிது. இரண்டும் கீமோதான், ஆனால் போகிற வழி வேறு. கேப்சிடபின் விழுங்கும்போது வீரியமற்ற பொருளாகத்தான் உள்ளே போகிறது. உடலுக்குள் மூன்று படிகளில் மாறி, கடைசியில் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தாகிறது. அந்தக் கடைசிப் படிக்குத் தேவையான நொதி, பல புற்றுக் கட்டிகளில் சாதாரணத் திசுவில் இருப்பதைவிட அதிகம். அப்படி உருவான மருந்தின் பெரும்பகுதியை டி.பி.டி. என்ற வேறொரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. டி.பி.டி. மிகவும் குறைவாக இருப்பவர்களுக்கு முதல் சுற்றிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். போதுமான அளவு இருப்பவர்கள் பெரிய தொல்லையில்லாமல் கடந்துவிடலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே வயிறும் தோலும் படுகிற பாட்டை வைத்து, புற்றுநோய்க்கு என்ன ஆகிறது என்று கணிக்க முடியாது. இந்த மாத்திரையால் கை கால் எரிச்சல் வந்தவர்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அது நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்த போக்கு. 'எனக்கு எரியவில்லை, அதனால் மருந்து பிடிக்கவில்லை' என்று ஒருவர் அதைத் தன் மேல் பொருத்திக்கொள்ளக் கூடாது. மருந்தின் பலனை ஸ்கேனும் சி.இ.ஏ. போன்ற ரத்தப் பரிசோதனையும்தான் காட்டும். அந்த அம்மாவைப் போல அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கடினம். கண்ணுக்குத் தெரிகிற கட்டி எதுவும் மிச்சமில்லை. எங்காவது ஒளிந்திருக்கக்கூடிய புற்றுநோய்ச் செல்களுக்காக மருந்து சாப்பிடுகிறார்கள். பலனை உணர்வதற்கு அவர்களுக்கு வழியே இல்லை. இதை முதல் நாளே நாம் சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "உள்ளங்கையைக் காட்டுங்கள் அம்மா" என்றேன். கோடுகளெல்லாம் கறுத்திருந்தன. விரல் நுனி வழவழவென்று இருந்தது. "பாத்திரச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை தம்பி. காலும் கொஞ்சம் எரியும், வெயில் இல்லையா?" என்றார்.

அது சோப்புமில்லை, வெயிலுமில்லை. கேப்சிடபின் சாப்பிடுபவர்களுக்கு மிகச் சாதாரணமாக வரும் பக்கவிளைவு. பாடப்புத்தகங்களில் 'உள்ளங்கை சிவக்கும்' என்று இருக்கும். நம் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, கறுப்பாகத்தான் தெரியும். அதனால் நோயாளியும் கவனிப்பதில்லை, சில நேரம் நாங்களும் கவனிப்பதில்லை. தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் சமாளிக்கலாம். வெந்நீரில் பாத்திரம் கழுவ வேண்டாம், கடினமான செருப்பு வேண்டாம், கோயில் பிரகாரத்துச் சூட்டில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஈரப்பதம் தரும் களிம்பை நாள்தோறும் தாராளமாகத் தடவ வேண்டும். டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைச் சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், தொந்தரவு தரும் அளவு கை கால் பாதிப்பு வெற்று ஜெல் தடவியவர்களில் 15 சதவீதமாகவும், மருந்து ஜெல் தடவியவர்களில் 3.8 சதவீதமாகவும் இருந்தது. மலிவான மருந்து, எல்லா ஊரிலும் கிடைக்கும். உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரைக் கேளுங்கள். வெடித்த தோலில் தடவாதீர்கள்.

வழவழத்த விரல் நுனிக்கும் ஒரு கதை உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயது நோயாளி ஒருவர் 2008 டிசம்பரில் அமெரிக்கா போனபோது, கைரேகை பதியாததால் விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டார். காரணம் இதே மாத்திரை. நம் ஊரில் ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கருவிழிப் பதிவு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது மறைப்பவர்கள்தான். ஒருவர் ஐந்து நாள் வயிற்றுப்போக்கோடு மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருந்தார். சொன்னால் டோஸைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் திரும்பிவிடும் என்ற பயம். 'கீமோ சூடு' என்று மோரும் இளநீரும் குடித்துச் சமாளித்திருக்கிறார். தூக்கிக்கொண்டு வந்தபோது ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. மூன்று நாள் முன்பு ஒரு போன் செய்திருந்தால் படுக்கை வரை போயிருக்காது. டோஸைக் குறைப்பதும், சில நாள் நிறுத்துவதும் இந்தச் சிகிச்சையின் திட்டத்திலேயே உள்ளவை.

வழக்கத்தைவிட நான்கு முறை அதிகமாக வயிறு போனாலோ, தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருந்தாலோ அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். ஒரே நாளில் ஒரு முறைக்கு மேல் வாந்தி, வாயில் வலிக்கும் புண், வேலை செய்ய விடாத கை கால் வலி ஆகியவற்றுக்கும் அப்படியே. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ நெஞ்சு வலித்தாலோ போனோடு நிற்காதீர்கள், நேராக வந்துவிடுங்கள்.

ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்குச் சேர்த்து விழுங்கக் கூடாது. பலன் தெரியவில்லை என்று நீங்களாகக் கூட்டவும் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் தண்ணீரோடு விழுங்குங்கள், பொடிக்காதீர்கள். ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரை இந்த மருந்தின் பக்கவிளைவைக் கூட்டும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினும், வலிப்புக்கான ஃபெனிடாயினும் இதனோடு ஆபத்தாகச் சேரலாம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எங்களிடம் கொண்டு வாருங்கள்.

அந்த அம்மாவுக்குக் காலை மூன்று, இரவு மூன்று. 14 நாளுக்கு 84 மாத்திரை, பிறகு ஏழு நாள் ஓய்வு. ஓய்வு வாரத்திலும் தொடர்ந்து சாப்பிட்டவர்களைப் பார்த்திருப்பதால், மாதக் காலண்டர் தாள் ஒன்றில் கட்டம் கட்டமாகக் குறித்துக் கொடுத்தேன். மாத்திரைக்கு ஒரு கோடு, வயிறு எத்தனை முறை போனது என்ற எண், கையும் காலும் எப்படி என்று ஒரு வார்த்தை.

மூன்றாம் சுற்று முடிந்து அந்தத் தாளோடு வந்தார். மாத்திரைக் கோடுகள் சரியாக இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் மட்டும் பேத்தியின் கையெழுத்து: 'பாட்டிக்கு ராத்திரி இரண்டு தடவை. மூன்று மாத்திரை நிறுத்தி போன் செய்தோம்.' மிச்சமிருந்த மூன்று மாத்திரையை அட்டையோடு ஜன்னலில் வைத்தார்.