சதுரத்தில் சறுக்கும் செய்யுள்

வெள்ளவத்தையிலிருந்து தரம் 11 மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வர்க்கமூலமே இல்லாமல் செம்பக்கம் காணலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பழைய செய்யுள் வந்தது. பரீட்சையில் எழுதலாமா?"

போதையனார் என்ற பழம்புலவர் பெயரில் சுற்றுகிற செய்யுள்தான். செம்பக்கம் என்பது செங்கோண முக்கோணியில் செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம். எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டால் அனுப்பியவர் பதில் போடுவதில்லை. அதைக் காண, மற்ற இரு பக்கங்களில் நீண்டதில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குறுகியதன் பாதியைக் கூட்டச் சொல்கிறது. 3, 4 என்றால் 3.5உம் 1.5உம் சேர்ந்து 5. 5, 12 என்றால் 10.5உம் 2.5உம் சேர்ந்து 13. நானும் ஒரு காலத்தில் வாயைப் பிளந்தவன்தான்.

இனிச் சதுரத்தைக் கொடுங்கள்; அதன் மூலைவிட்டமும் இரு சம பக்கங்களுக்குச் செம்பக்கம்தான். பக்கம் 8 என்றால் 7உம் 4உம் 11. சரியா? பைதகரசைக் கூப்பிட வேண்டாம், வீட்டுத் தரை போதும். நான்கு சதுர டைல்கள் கூடும் புள்ளிக்கருகே சோக்கட்டியோடு குந்துங்கள். ஒவ்வொரு டைலிலும் அந்தப் புள்ளியைத் தொடாத மூலைவிட்டத்தை வரையுங்கள். சாய்ந்த சதுரம் ஒன்று தெரியும். அதற்குள் நான்கு அரை டைல்கள், அதாவது இரண்டு முழு டைல்கள். மூலைவிட்டத்தின் மீது வரையும் சதுரம் எப்போதும் இரு மடங்கு. 64க்கு 128 வர வேண்டும். 11இன் வர்க்கமோ 121.

அப்படியானால் 3, 4, 5க்கு எப்படிப் பொருந்தியது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நீண்ட பக்கத்தை 1 என்று வைத்து, குறுகிய பக்கம் t ஐ மெல்ல வளர்த்தால், உண்மையான செம்பக்கம் வரைபில் வளைகோடாக ஏறும். செய்யுள் தருவது நேர்கோடு. இரண்டையும் சமன்படுத்தி வர்க்கித்தால் 48t² − 56t + 15 = 0. இருபடிச் சமன்பாடு, இரண்டே தீர்வுகள். தீர்த்துப் பாருங்கள்: 3/4, 5/12. பாடப்புத்தகத்தின் அதே இரு முக்கோணிகள்! வேறெந்த வடிவத்துக்கும் அது பொருந்தவே பொருந்தாது; 8, 15க்கு 17 வராமல் 17.125 வரும்.

பலித்ததை மட்டும் சொல்லிக் காட்டும் சாத்திரியாரைப் போல, இந்தச் செய்தியும் அந்த இரண்டு உதாரணங்களையும் அவற்றின் மடங்குகளையும் மட்டுமே காட்டும். தமிழரின் பெருமைக்கு இப்படி ஒரு முட்டு வேண்டுமா என்பது என் ஆதங்கம்.

பரீட்சையில் எழுத வேண்டாம், பிள்ளை. தரையிலும் வேண்டாம்: 60 சென்ரிமீற்றர் டைலின் மூலைவிட்டம் 84.85. செய்யுளை நம்பி 82.5க்கு வெட்டினால், மேசன் அந்த இடைவெளியில் விரலை விட்டுக் காட்டுவார்.