படகைப் போர்த்தும் முன் அதற்குள் நிற்கும் நீரைத் தேடுங்கள்

அக்டோபர் மாதத்து நன்றியறிதல் விடுமுறை முடிந்ததும் டொரன்டோ ஏரிக்கரையின் படகுத்துறைகளில் கிரேன்கள் வந்து நிற்கும். ஒன்டாரியோ ஏரியில் கோடை முழுவதும் மிதந்த பாய்மரப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கம் வரை அவற்றுக்குத் தரைவாசம்தான். இங்கே படகு பழுதுபார்ப்பது என் தொழில். வசந்த காலத்தில் எங்களிடம் வரும் வேலைகளில் பெரும்பகுதி, இலையுதிர் காலத்தில் ஒரு பிற்பகலைச் செலவிட்டிருந்தால் வந்தே இருக்காது. எனக்கு வருமானம்தான், ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

நம்மவர்களிலும் சிலர் இப்போது பழைய சிறு படகுகளை வாங்குகிறார்கள். 1959இல் ஒன்டாரியோவில் ஜார்ஜ் ஹின்டர்ஹோலர் வடிவமைத்த ஷார்க் 24, கியூபெக்கில் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட டான்சர் 22 போன்றவை இன்றும் ஏரியில் ஓடுகின்றன. பழைய கார் வாங்கும் பணத்துக்கு நல்லதாகவே கிடைக்கும். கடலோரத்தில் பிறந்தவருக்கு உப்பும் வெயிலும் படகை என்ன செய்யும் என்று தெரியும். உறைபனி செய்வதை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதனால் அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தார்ப்பாய் நல்லது?" என்பதாக இருக்கிறது. அது கடைசியில் கேட்க வேண்டியது.

வெறும் குளிர் ஃபைபர்கிளாஸ் உடலை எதுவும் செய்துவிடாது. நீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. விரிய இடமில்லாத குழியில் அது நின்றால் வார்ப்பிரும்பும் பிளக்கும், வெண்கலமும் வெடிக்கும். அதுவும் இது நன்னீர் ஏரி. பூஜ்ஜியம் டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும்.

எஞ்சினிலிருந்து தொடங்குவோம். சிறு படகுகளில் பெரும்பாலும் பின்புறம் தொங்கும் அவுட்போர்டுதான். அதைச் செங்குத்தாக நிறுத்தினாலே குளிரூட்டும் நீர் தானாக வடிந்துவிடும். சாய்த்து, படுக்கவைத்து வைப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பலர் தொடாமல் விடுவது அடிப்பகுதியில் உள்ள கியர் ஆயிலை. கீழ்த் திருகையும் மேல் திருகையும் கழற்றி, வருகிற எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது. அந்த நீர் ஜனவரியில் உறைந்து கியர் கூட்டைப் பிளக்கும். சீல் மலிவு, கூடு மலிவல்ல. புது எண்ணெயைக் கீழ்த்துளையிலிருந்து மேல்நோக்கி ஏற்றுங்கள், மேல்துளையில் வழியும்வரை. அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. இரண்டு திருகுகளுக்கும் புது வாஷர் போடுங்கள்.

படகுக்குள்ளேயே எஞ்சின் இருந்து, அது ஏரி நீரை நேரடியாக உறிஞ்சிக் குளிரும் வகையாக இருந்தால் வேலை கொஞ்சம் நுணுக்கமானது. எஞ்சின் ஆறியிருக்கும்போது, சூடேறினால் மட்டும் திறந்து நீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். அந்த நேரத்தில் உறைதடுப்புத் திரவத்தை உறிஞ்சவைத்தால் அது பக்கவழியாக ஓடிப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். பின்னால் இளஞ்சிவப்பாகக் கொட்டுவதைக் கண்டு உரிமையாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். எஞ்சினின் உலோக உடலான பிளாக்குக்குள் ஏரி நீர் அப்படியே நிற்கும். வெடித்த நிலையில் நான் பார்த்த பிளாக்குகளில் பல இப்படிப்பட்டவை. முதலில் பிளாக்கின் வடிதிருகைக் கழற்றி நீரை முழுதாக வடியுங்கள். திருகைக் கழற்றியும் நீர் வரவில்லை என்றால் உள்ளே நீர் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். துரு அடைத்திருக்கும், கம்பியால் குத்திப் பாருங்கள். எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் திரவத்தைச் செலுத்துவது அதற்குப் பிறகு.

திரவம் எது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காரில் ஊற்றும் பச்சைத் திரவம் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். நாய்க்கும் மனிதருக்கும் நஞ்சு. படகுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால்தான் வேண்டும். அதன் புட்டியில் மைனஸ் 50 என்று போட்டிருப்பது பெரும்பாலும் குழாய் வெடிக்காமல் தாங்கும் அளவு. அது கூழாகத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே நடக்கும். உள்ளே மிச்சமிருக்கும் நீரோடு கலந்தால் இந்தத் தாங்குதிறனும் குறையும். ஆகவே நீரை வடிக்காமல் திரவத்தை மட்டும் ஊற்றுவது காசுக்குக் கேடு.

அடுத்தது படகின் அடியில் உள்ள பால் வால்வுகள் (ball valve), அதாவது உள்ளே ஓர் உருண்டை சுழன்று நீர்வழியைத் திறந்து மூடுபவை. கரையேற்றிய பின் அவற்றை மூடி வைப்பது பத்திரம் என்று தோன்றும். மூடிய வால்வின் உருண்டைக்குள் ஒரு மடக்கு நீர் சிறைப்பட்டிருக்கும். அது உறைந்தால் வால்வின் உடலில் மயிரிழை விரிசல் விழும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. மே மாதத்தில் படகை இறக்கிய அன்று மாலை கேபினுக்குள் கால் நனையும்போதுதான் தெரியவரும். தரையில் நிற்கும் படகில் வால்வுகள் திறந்தே இருக்கட்டும். இறக்கும் நாளில் மறந்துபோகாமலிருக்க, எவையெல்லாம் திறந்திருக்கின்றன என்று ஒரு சீட்டில் எழுதிச் சாவியோடு கட்டிவிடுங்கள்.

சுக்கானையும் சந்தேகியுங்கள். பல படகுகளில் அது நுரை நிரப்பிய ஃபைபர்கிளாஸ் கூடு. படகு கரையேறி ஒரு வாரமாகியும் அதன் அடிமுனையில் ஈரம் கசிந்துகொண்டிருந்தால் நுரை நீர் குடித்திருக்கிறது. அடியில் சிறு துளையிட்டு வடியவிட்டு வசந்தத்தில் எபாக்சியால் அடைப்பது எங்கள் வழக்கம். கேட்டதும் படகுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பிளந்த சுக்கானைப் பார்த்தவர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை. மேல்தளத்துத் திருகுகளைச் சுற்றி மிதிக்கையில் மெத்தென்று அமுங்கினால் அங்கும் இதே கதைதான்.

மழை நீரும் உருகிய பனியும் வெளியேற வழி வேண்டும். உட்காரும் குழியின் வடிகாலில் நாலு மேப்பிள் இலை அடைத்தால் போதும், குழி நிரம்பி நீர் கேபினுக்குள் இறங்கும். வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள். அடித்தளத்தில் வடிதுளையை அடைக்கும் மூடி இருந்தால் கழற்றிச் சுக்கான் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

பேட்டரி பற்றி இவ்வளவு போதும்: முழுதாக மின்னேற்றிய ஈய அமிலப் பேட்டரி மைனஸ் 50 வரை உறையாது, காலியானது மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்துவிடும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றிப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டுங்கள். தொட்டியில் மட்டும் இருந்தால் கார்புரேட்டருக்குப் பயனில்லை. பாய்களை நன்னீரில் அலசிக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். படகில் விட்டால் எலி கூடு கட்டும். டிரெய்லரில் வீட்டுக்கு இழுத்துச் செல்பவர்களுக்கு ஒன்று: 2022 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் சாலையில் ஏற்றும் முன் படகின் நீரை வடித்து, ஒட்டியிருக்கும் செடிகளையும் வரிக்குதிரைச் சிப்பிகளையும் அகற்றுவது சட்டப்படி கட்டாயம்.

இனி தார்ப்பாய். பனி வழுக்கி விழும்படி நடுவே உயரமான சட்டம் அமைத்து, இரு முனையிலும் காற்று போக வழி விடுங்கள். இறுக்கி மூடிய படகில் வசந்தத்தில் பூஞ்சைதான் வரவேற்கும். ஆனால் நான் தொண்டை வறளச் சொல்வது கயிற்றைப் பற்றித்தான். தரையில் நிற்கும் படகின் எடை, அதன் அடிநடுவில் கீழ்நோக்கி நீளும் கீலின் (keel) மேல் இருக்கிறது. பக்கங்களில் நிற்கும் ஜாக் ஸ்டாண்டுகள் அதைச் சாயாமல் பிடிப்பவை மட்டுமே. தார்ப்பாயின் கயிற்றை அந்த ஸ்டாண்டில் கட்டினால், நவம்பர்க் காற்றில் அது படபடக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டை இடத்திலிருந்து இழுக்கிறது. ஒன்று நழுவினால் படகு சாயும். நெருக்கமாக நிறுத்திய களத்தில் பக்கத்துப் படகின் மேல்தான் விழும். கயிற்றைப் படகின் அடிவழியே மறுபக்கம் கொண்டுபோய்த் தார்ப்பாயின் எதிர் ஓரத்திலேயே கட்டுங்கள். எதிரெதிர் ஸ்டாண்டுகளைச் சங்கிலியால் இணைத்திருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பாய்மரத்தை இறக்கிவிட்டால் காற்றின் பிடியும் குறையும். 24 அடிக்கு உட்பட்ட படகில் இதற்குச் சோம்பல் படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

குளிர்காலத்தின் நடுவில், குறிப்பாகப் பனி இளகிய ஒரு வாரத்துக்குப் பின், ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். இளகிய மண்ணில் ஸ்டாண்டின் கால் இறங்கியிருக்கும். அடியில் தடித்த பிளைவுட் பலகை வைத்திருந்தால் குறைவாக இறங்கும். ஸ்டாண்டின் மேல்பட்டை படகின் உடலைத் தொடாமல் இடைவெளி தெரிந்தால் நீங்களே திருகை முடுக்க வேண்டாம், படகுக்களத்தில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள்.