ஆண்டோவைக் காட்டி பி.ஆர்க்கை விடாதீர்கள்

பி.ஆர்க், அதாவது ஐந்து வருடக் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு, படிக்கும் ஒருவர் இந்த செமஸ்டரிலும் வந்துவிட்டார். "சார், டடாவோ ஆண்டோ காலேஜுக்கே போகலையே, நான் மட்டும் எதுக்கு அஞ்சு வருஷம் வீணாக்கணும்?" கையில் அந்த ஜப்பானியக் கட்டடக் கலைஞரைப் பற்றி ஒரு ரீல்ஸ்: குத்துச்சண்டைக்காரர், பட்டம் இல்லை, கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு. போதும் சாமி!

மூன்றும் உண்மைதான். 1941-இல் ஒசாகாவில் பிறந்து பாட்டியிடம் வளர்ந்தவர், 17 வயதில் குத்துச்சண்டையில் இறங்கினார். 1995-இல் பிரிட்ஸ்கர் கிடைத்தது. அந்த 1 லட்சம் டாலரைக் கோபே நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

கல்லூரிக்குப் போகவில்லை என்றால் படிக்கவில்லை என்று அர்த்தமா? பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படிக்கும் புத்தகங்களைத் தனியாக உட்கார்ந்து ஒரே வருடத்தில் படித்தவர் அவர். இரவில் வரைபட வகுப்பு, அஞ்சல் வழியில் இன்டீரியர் டிசைன். பழைய புத்தகக் கடையில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் தொகுப்பைப் பார்த்தபோது கையில் காசில்லை. வேறு யாரும் வாங்கிவிடக் கூடாதென்று அடுக்கின் அடியில் ஒளித்துவைத்து, பணம் சேர்ந்ததும் வாங்கினார். அதிலிருந்த பிளான்களைத் திரும்பத் திரும்ப டிரேஸ் எடுத்ததில் பக்கங்களே கறுத்துப்போயின. இங்கே ஒரு படிக்கட்டின் செக்ஷனை (வெட்டுத்தோற்ற வரைபடத்தை) இரண்டாம் முறை வரையச் சொன்னாலே முகம் சுருங்குகிறது. 1965-இல் கட்டடங்களை நேரில் பார்க்க ஐரோப்பா போனார். 1969-இல்தான் சொந்த அலுவலகம்.

அப்புறம் லைசென்ஸ். ஜப்பானில் கல்லூரிப் படிப்பு இல்லாதவர்களும் வேலை அனுபவத்தைக் காட்டித் தேர்வெழுத வழி இருந்தது. அவரும் எழுதித் தேறியவர்தான். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்யாமல் பெயருக்குப் பக்கத்தில் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. பதிவுக்கு அங்கீகாரம் பெற்ற தகுதி வேண்டும். இதை எந்த ரீல்ஸும் சொல்லாது.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பூச்சுச் செலவு மிச்சம், ஆண்டோ மாதிரி வெறும் கான்கிரீட்டாவே விட்டுடலாம்" என்று வராதீர்கள். அவருடைய சுவரில் 90-க்கு 180 சென்டிமீட்டர் ஷட்டரிங் பலகையின் கோடும், அதை இறுக்கிய போல்ட்டின் ஒவ்வொரு துளையும் வரைபடத்திலேயே முடிவானவை. ஊற்றிய பிறகு தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக விழுந்தால் மறைக்கப் பூச்சு கிடையாது. பூசுவதைவிட இதற்குத்தான் செலவு அதிகம். 1976-இல் அவர் ஒசாகாவின் சுமியோஷியில் கட்டிய வீட்டில் நடுப்பகுதி திறந்த முற்றம். மழை பெய்தால் கழிவறைக்குக் குடை பிடித்துத்தான் போக வேண்டும். சம்மதமா?

மாணவர்களே, முடிவெடுக்கும் முன் லீவில் ஏதாவது ஆபீசில் வேலை பாருங்கள். சைட்டில் சென்டரிங் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அரியர் பயத்தில் ஆண்டோவை இழுக்காதீர்கள். அரியர்தான் பிரச்சினை என்றால் வந்து சொல்லுங்கள், பேசலாம். பெற்றோர்களே, பையனோ பெண்ணோ படிப்பை விடுகிறேன் என்றால் உடனே கத்த வேண்டாம். கடைசியாக வரைந்த ஷீட்டை எடுத்துக் காட்டச் சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள்.